ஊராரும் வந்தவரும்: எந்தப் படத்தை முதலில் பார்ப்பது?

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிவிடுமோ என்பது ஊராரின் பயம். எத்தனை ஆண்டு உழைத்தாலும் கடைசிவரை ஒண்ட வந்தவராகவே வைத்திருப்பார்களோ என்பது வந்தவரின் பயம். இந்த இரண்டு பயமும் ஒரே மதுக்கடையில், ஒரே வயல் ஓரத்தில், ஒரே ஊற்றின் கரையில் முகத்துக்கு முகம் நிற்கும் படங்கள் பல மொழிகளில் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்பெயினின் ரொட்ரிகோ சொரொகோயென் இயக்கிய ‘அஸ் பெஸ்டாஸ்’. ஆனால் அந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்தாது. சிலர் ஒரு ருமேனியப் படத்தில் தொடங்குவது நல்லது. சிலருக்கு ஜப்பானியப் படம் ஏற்றது. ஒரு புகழ்பெற்ற பழைய படத்தை நான் யாருக்கும் முதல் படமாகச் சொல்லமாட்டேன்.

இவ்வகைப் படங்களை நான் ஒரே ஒரு கேள்வியால்தான் எடைபோடுகிறேன். ஊர்க்காரன் தன் நியாயத்தைச் சொல்ல வாய் திறந்தால், படம் அவனை முழுதாகப் பேசவிடுகிறதா? பேசவிடாத படத்தில் கிராமம் என்பது வெறும் இருட்டும் கோடாரியும் முறைக்கும் கண்களும்தான். அதிலும் பயம் வரும். விளக்கைப் போட்டதும் போய்விடும். எதிரில் நிற்பவன் சொல்வதில் பாதி உண்மை என்று தெரிந்த பிறகு வரும் பயம் அப்படிப் போவதில்லை. அவனை அரக்கன் என்று ஒதுக்க முடியாது, அவன் பக்கம் சாயவும் முடியாது. இந்த இக்கட்டில் பார்ப்பவரை உட்காரவைக்கும் படம்தான் இவ்வகையில் உயர்ந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

‘அஸ் பெஸ்டாஸ்’ 2022ஆம் ஆண்டு கான் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. மறு ஆண்டு ஸ்பெயினின் கோயா விருதுகளில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை உட்பட 9 விருதுகளை வென்றது. பிரான்ஸின் சேசர் விருதுகளில் சிறந்த அயல்நாட்டுப் படமானது. கதை நடப்பது ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவின் மலைக்கிராமம் ஒன்றில். இளைஞர்கள் வெளியேறி, வீடுகள் இடிந்து, ஊரே மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறது. அங்கே பிரான்ஸிலிருந்து வந்து குடியேறிய அந்த்வான், ஓல்கா தம்பதியர் ரசாயனம் இல்லாமல் காய்கறி பயிரிட்டுச் சந்தையில் விற்கிறார்கள். பாழடைந்த வீடுகளைச் செப்பனிடுகிறார்கள். ஆள் மறுபடி வந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நேரத்தில் காற்றாலை நிறுவனம் ஒன்று நிலத்துக்குப் பணம் தர முன்வருகிறது. அந்த்வான் சம்மதிக்கவில்லை. பக்கத்து வீட்டில் வயதான தாயோடு மாடு மேய்த்து வாழும் சகோதரர்கள் ஷானும் லொரென்சோவும் அந்தப் பணத்தைத் தங்கள் வாழ்நாளின் ஒரே வாசலாகப் பார்க்கிறார்கள். அந்த வாசலை நேற்று வந்த ஒருவன் அடைத்துவிட்டான்.

இங்கே கவனிக்க வேண்டியது, சரி எது தவறு எது என்பதை இயக்குநரும் அவருடன் எழுதிய இசபெல் பென்யாவும் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது. மண்ணை நேசிப்பவன் வெளியூர்க்காரன். மண்ணைவிட்டு ஓடத் துடிப்பவர்கள் அந்த மண்ணில் பிறந்தவர்கள். அந்த்வானுக்குக் கிராமம் ஒரு தேர்வு. படித்துவிட்டு, உலகம் பார்த்துவிட்டு, பிடித்த இடத்தில் வந்து இறங்கியிருக்கிறார். ஷானுக்கு அப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒருநாளும் கிடைத்ததில்லை. அதே மலை ஒருவருக்கு அழகு, இன்னொருவருக்குச் சிறை. இந்த வேறுபாட்டைப் படம் வசனமாக மட்டும் சொல்லாமல் வீடுகளில், உடைகளில், கைகளில் காட்டுகிறது.

படத்தின் உச்சம் துப்பாக்கி வெடிக்கும் இடமல்ல, ஒரு மதுக்கடை மேசை. அந்த்வான் ஒரு புட்டி வாங்கி வைத்துச் சகோதரர்களோடு பேசித் தீர்க்க முயல்கிறார். கேமரா அசைவதே இல்லை எனலாம். வெட்டு இல்லாமல் நிமிடக்கணக்கில் நீளும் அந்தக் காட்சியில் ஷான் தன் வாழ்க்கையை எடுத்து மேசைமேல் வைக்கிறான்: உழைத்து உழைத்துத் தேய்ந்த உடல், திருமணம் என்ற பேச்சுக்கே இடமில்லாத வறுமை, நகரத்துக்குப் போய் வேறு ஒரு தொழிலில் கொஞ்சம் சுகமாக வாழலாம் என்ற மிகச் சிறிய ஆசை. ஷானாக வரும் லூயிஸ் சாயேரா அதை உரக்கப் பேசவில்லை. குரல் தாழத் தாழ நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது. அவன் கேட்பது அநியாயமல்ல என்று நமக்குத் தெரிகிறது. அவன் என்ன செய்யக்கூடியவன் என்பதும் தெரிகிறது. இரண்டும் ஒரே கணத்தில் தெரிவதுதான் இந்தப் படத்தின் பலம். எதிரே அந்த்வானாக டெனி மெனோஷே, மலை போன்ற உடலோடு, சிறுபிள்ளையின் பிடிவாதத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த உடலின் பருமனே அவருடைய நிராதரவைக் கூடுதலாகக் காட்டுகிறது.

தொடக்கக் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலீசியாவில் மலையில் திரியும் குதிரைகளை ஆண்டுக்கொருமுறை பிடித்து, கயிறோ கம்போ இல்லாமல் வெறுங்கையால் கட்டிப்பிடித்து அடக்கி, பிடரி மயிரை நறுக்கிவிடும் வழக்கம் உண்டு. அதை மிக மெதுவான அசைவில் காட்டித்தான் படம் தொடங்குகிறது. எதற்காக இதைக் காட்டினார்கள் என்ற கேள்வியை மனத்தின் ஓர் ஓரத்தில் வைத்துக்கொண்டு தொடர்ந்து பாருங்கள். பதில் வரும்போது தவறவிட மாட்டீர்கள்.

படத்தின் நீளம் 137 நிமிடம். பிற்பகுதியில் கதை ஓல்காவின் கைக்கு மாறுகிறது, வேகமும் மாறுகிறது. இதனால் படம் தளர்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கோ அந்த மாற்றம்தான் இதை மற்றவற்றிலிருந்து உயர்த்துகிறது. ஆண்கள் தங்கள் தன்மானத்தை வைத்து ஆடிய ஆட்டத்தில் ஒரு பெண் எதைச் சுமக்கிறாள், எதை விடமாட்டாள் என்பதை ஓல்காவாக வரும் மரினா ஃபொயிஸ் அதிகம் பேசாமலே நடித்துக் காட்டுகிறார். ஓல்காவுக்கும் மகளுக்கும் இடையே சமையலறையில் நடக்கும் வாக்குவாதம் மதுக்கடைக் காட்சிக்குச் சற்றும் குறையாதது. கதைக்கு அடிப்படையாக ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. பார்ப்பதற்கு முன் அதைத் தேடிப் படிக்காதீர்கள். படத்தின் முக்கியமான முடிச்சு அதிலேயே அவிழ்ந்துவிடும்.

இதோடு எப்போதும் ஒப்பிடப்படும் பழைய படம் சாம் பெக்கின்பாவின் ‘ஸ்ட்ரா டாக்ஸ்’. ஆண்டு 1971. டஸ்டின் ஹாஃப்மன் ஓர் அமெரிக்கக் கணிதவியலாளராக இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக் கிராமத்துக்கு வருகிறார். மனைவி எமி அந்த ஊரில் வளர்ந்தவள். கூரை வேலைக்கு வந்த உள்ளூர் ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு சீண்டுகிறார்கள், பிறகு எல்லை மீறுகிறார்கள். கடைசியில் வீடு முற்றுகையிடப்படுகிறது; சண்டைக்கே போகாத மனிதன் சண்டைக்காரனாகிறான். படத்தொகுப்பின் கூர்மையில் இது ஒரு பாடப்புத்தகம். கடைசிப் பகுதியின் பதற்றத்தை இன்றுவரை பல படங்கள் கடன் வாங்கிக்கொண்டிருக்கின்றன.

ஆனாலும் என் கேள்விக்கு இந்தப் படம் நல்ல பதில் தரவில்லை. அந்தக் கார்ன்வால் ஆட்களுக்கு என்ன குறை, அவர்கள் எதை இழந்தார்கள், ஏன் இந்த வெறுப்பு என்பதில் படத்துக்கு அக்கறையே இல்லை. அவர்கள் நாயகனைச் சோதிக்க வைக்கப்பட்ட மிருகங்கள். அதைவிடப் பெரிய குறை எமியைப் படம் நடத்தும் விதம். பாலியல் வன்கொடுமைக் காட்சி எடுக்கப்பட்ட முறை அன்றே கடும் கண்டனத்துக்கு உள்ளானது. பிரிட்டனில் 1984ஆம் ஆண்டின் வீடியோ சட்டத்துக்குப் பிறகு 2002 வரை இந்தப் படம் வீட்டு வீடியோவாக முறையாகக் கிடைக்கவில்லை. தணிக்கையை நான் ஆதரிக்கவில்லை. அந்தக் காட்சி அவளுடைய வலியைவிட அவள் கணவனின் ஆண்மையைப் பற்றியே யோசிக்கிறது என்பதுதான் என் மனக்குறை. சினிமா வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள், ‘அஸ் பெஸ்டாஸ்’ பார்த்த பிறகு இதைப் பார்க்கலாம். அப்போது அரை நூற்றாண்டில் இவ்வகைக் கதை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது கண்கூடாகத் தெரியும். முன்னால் பார்த்தால் கிராமம் என்றாலே காட்டுமிராண்டித்தனம் என்ற எண்ணத்தோடு மற்ற படங்களுக்குள் நுழைவோம்.

அடுத்தது, தமிழ் வாசகர்களிடம் நான் கூடுதல் அழுத்தத்தோடு சொல்ல விரும்பும் படம்: கிறிஸ்டியன் முஞ்சியூவின் ‘ஆர்.எம்.என்.’. இதுவும் 2022இல் வந்ததுதான். கான் போட்டிப் பிரிவில் இருந்தது. ருமேனியாவின் டிரான்சில்வேனியாவில் ருமேனியர், ஹங்கேரியர், ஜெர்மானியர் கலந்து வாழும் ஊர். அங்குள்ள ரொட்டித் தொழிற்சாலை குறைந்த கூலி தருகிறது. உள்ளூரில் யாரும் வேலைக்கு வரவில்லை. ஊர் ஆண்கள் நல்ல சம்பளம் தேடி மேற்கு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். எனவே தொழிற்சாலை இலங்கையிலிருந்து தொழிலாளர்களை வரவழைக்கிறது. அவர்கள் தொட்ட ரொட்டியைச் சாப்பிடமாட்டோம் என்கிறது ஊர். 2020இல் டிரான்சில்வேனியாவின் டித்ரவு என்ற ஊரில் இலங்கைத் தொழிலாளர்களுக்கு எதிராக உண்மையில் நடந்த எதிர்ப்பே இந்தக் கதைக்கு மூலம்.

முஞ்சியூ செய்திருக்கும் அசாத்தியமான காரியம் ஊர்க்கூட்டக் காட்சி. ஏறத்தாழ 17 நிமிடம், ஒரே ஷாட், அசையாத கேமரா. ஊரே ஒரு கூடத்தில் கூடி ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு கத்துகிறது. நோய் பரப்புவார்கள் என்கிறார் ஒருவர். ஐரோப்பிய ஒன்றியம் நம்மை ஏமாற்றிவிட்டது என்கிறார் இன்னொருவர். கூலியை உயர்த்தினால் நாங்களே வருவோமே என்று ஒரு குரல். அது நியாயமான கேள்வி, ஆனால் அருவருப்பான பேச்சுகளுக்கு நடுவே மிதந்து வருகிறது. உண்மையான குறையும் வெறும் வெறுப்பும் ஒரே வாயிலிருந்து, சில நேரம் ஒரே வாக்கியத்தில் வெளிவருவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு படம் என் நினைவில் இல்லை. முன்பக்கத்தில் அமர்ந்திருக்கும் இருவரின் கைகளையும் கவனியுங்கள். ஊர்ப் பிரச்சினை நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே ஒரு தனிப்பட்ட கதையும் ஓடுகிறது.

மைய நாயகன் மத்தியாஸே ஜெர்மனியில் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்து, அங்கே இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டு, அடித்துவிட்டு ஓடிவந்தவன். அங்கே அவன் வந்தேறி. இங்கே மண்ணின் மைந்தன். ஊர் திரும்பியதும் அதே இழிவு இன்னொருவனுக்கு நடக்கும்போது அவன் வாயைத் திறக்கவில்லை. ‘அஸ் பெஸ்டாஸ்’ஸில் வந்தவர்கள் ஊராரைவிட வசதியானவர்கள், இங்கே வந்தவர்கள் ஊரிலேயே மிக எளியவர்கள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். யார் வந்தவர் என்பதைவிட, வந்தவர் கையில் என்ன இருக்கிறது என்பதே கதையின் அறத்தைத் தீர்மானிக்கிறது.

இப்படத்தில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. இலங்கைத் தொழிலாளர்கள் கனிவாகக் காட்டப்படுகிறார்கள், ஆனால் அவர்களுக்குத் தனி மனம் கொடுக்கப்படவில்லை. அவர்களைப் பற்றி ஊர் மணிக்கணக்கில் பேசுகிறது. அவர்கள் பேசுவதை நாம் கேட்பது மிகக் குறைவு. ஊர்க்காரரைப் பேசவிடுகிறதா என்று கேட்ட நான், இந்தப் படத்திடம் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. முடிவுக் காட்சியும் பலரைக் குழப்பும். கதை தெளிவாக முடிய வேண்டும் என்பவர்கள் இதை இரண்டாவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் பார்க்க மனமில்லை, ஆனாலும் இந்த மோதலின் இறுக்கம் வேண்டும் என்பவர்களுக்கு ரியூசுகே ஹமகுச்சியின் ‘ஈவில் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’. 2023இல் வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும்பரிசைப் பெற்றது. நீளமும் குறைவு, 106 நிமிடம். டோக்கியோவிலிருந்து எட்டும் தொலைவிலுள்ள மலைக்கிராமத்தில் சொகுசுக் கூடார விடுதி கட்ட ஒரு நிறுவனம் வருகிறது. கொரோனா கால மானியப் பணத்தைக் காலக்கெடுவுக்குள் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அதற்கு. விளக்கக் கூட்டத்தில் ஊரார் ஒவ்வொருவராக எழுந்து கேட்கும் கேள்விகள்தான் படத்தின் மையம்: கழிவுநீர்த் தொட்டி எங்கே வரும்? கசிந்தால் கிணறுகள் என்னவாகும்? இரவில் காவலுக்கு யார் இருப்பார்கள்? விருந்தினர் நெருப்பு மூட்டினால் யார் பொறுப்பு? மேலே இருப்பவர் செய்வது கீழே இருப்பவர் தலையில்தான் வந்து விடியும் என்று ஊர்ப் பெரியவர் சொல்வது நீரைப் பற்றி மட்டுமல்ல என்பது கூடத்தில் எல்லோருக்கும் புரிகிறது.

ருமேனியக் கூட்டத்துக்கு நேர் எதிர் இது. அங்கே கூச்சல் அறிவை மூழ்கடிக்கிறது. இங்கே அமைதியான, தகவல் சார்ந்த கேள்விகள் நிறுவனத்தின் பொய்யை அடுக்கடுக்காக உரித்துவிடுகின்றன. அதோடு, ஊரின் பல வேலைகளையும் செய்துவாழும் தக்குமி ஒன்று சொல்கிறான்: இந்த ஊரே போருக்குப் பிறகு குடியேற்றப்பட்டவர்களால் உருவானது, தானும் அவர்களின் மூன்றாம் தலைமுறை, ஆகவே ஒருவகையில் எல்லோருமே வெளியூர்க்காரர்கள்தான், சமநிலை கெடாமல் இருப்பதே முக்கியம். இவ்வகைப் படங்களில் நான் கேட்டவற்றில் மிக நேர்மையான பேச்சு அது. நிறுவனத்தின் ஆட்கள் இருவரையும் படம் வெறும் வில்லன்களாக விட்டுவிடாமல், நீண்ட கார்ப் பயணம் ஒன்றில் அவர்களுடைய சலிப்பையும் தனிமையையும் காட்டுகிறது. முடிவு மட்டும் திடீரென்று தரையை உருவிவிடும். அதற்கு விளக்கம் தேடி உங்களுக்குள் வாதம் நடக்கும், நடக்கட்டும். ஆனால் வேகமான திகில் படம் வேண்டும் என்பவர் இதில் உட்கார வேண்டாம். மரம் வெட்டுவதையும் நீர் மொள்வதையும் பொறுமையாகப் பார்க்கத் தயாராக இருப்பவர்களுக்கே இது திறக்கும்.

துருக்கியின் எமின் அல்பெர் எடுத்த ‘பர்னிங் டேஸ்’ இந்த வரிசையில் சற்று விலகி நிற்கிறது. இங்கே வந்தவர் ஓர் இளம் அரசு வழக்கறிஞர். அதாவது கையில் சட்டத்தின் அதிகாரம் இருக்கிறது. நிலத்தடி நீரை அளவுக்குமீறி உறிஞ்சியதால் ஊரைச் சுற்றி நிலம் பெரும் பள்ளங்களாக உள்வாங்குகிறது, தேர்தலோ நெருங்குகிறது, தண்ணீர் தருவோம் என்று வாக்குறுதி அளித்தே மேயர் ஆள்கிறார். ஒரு விருந்து இரவு, அதன்பின் ஒரு வழக்கு, அதில் தனக்கே என்ன பங்கு என்று வழக்கறிஞருக்கு நினைவில்லை. விறுவிறுப்பு என்று மட்டும் பார்த்தால் இதுவே எல்லாவற்றையும்விட முன்னால் நிற்கும். ஊராரின் தரப்பு என்று பார்த்தால் ‘அஸ் பெஸ்டாஸ்’ அளவுக்கு ஆழமில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள்மேல் கோபத்தோடு எடுத்த படம், அந்தக் கோபத்துக்குக் காரணமும் உண்டு. படம் வெளிவந்த பிறகு துருக்கியின் பண்பாட்டு அமைச்சகம் தான் கொடுத்த நிதியைத் திருப்பித் தரும்படி கேட்டது.

கடைசியாக, திகில் என்ற பெயரே இல்லாமல் எல்லாவற்றையும்விட வதைக்கும் ஒரு கதை: குளோத் பெர்ரியின் ‘ஜான் த ஃப்ளோரெட்’, அதன் தொடர்ச்சியான ‘மனோன் தெ சூர்ஸ்’. இரண்டும் 1986இல் வந்தவை; மர்செல் பன்யோல் முதலில் தானே 1952இல் படமாக்கி, பிறகு நாவலாக விரித்தெழுதிய கதையிலிருந்து எடுக்கப்பட்டவை. தெற்கு பிரான்ஸின் புரொவான்ஸ் மலைப்பகுதி. நகரத்திலிருந்து கூன் விழுந்த ஒருவர் தாய்வழி வந்த நிலத்தில் விவசாயம் செய்யக் குடும்பத்தோடு வருகிறார். அந்த நிலத்திலுள்ள ஊற்றைப் பக்கத்து நிலத்துக்காரர்கள் முன்பே ரகசியமாக அடைத்துவிட்டார்கள். அவர் கழுதைமேல் தண்ணீர் சுமக்கிறார், வானத்தைப் பார்க்கிறார், புத்தகம் பார்த்துக் கணக்குப் போடுகிறார். காலடியில் நீர் இருப்பது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். ஊருக்கும் ஏறக்குறைய தெரியும், யாரும் சொல்வதில்லை. கத்தியில்லை, துப்பாக்கி நீட்டல் இல்லை. ஓர் ஊரின் மௌனம் ஒரு மனிதனை அணு அணுவாகக் கொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நகரத்திலிருந்து வந்தவராக நடிக்கும் ஜெரார் தெபார்தியூவின் நம்பிக்கை நிறைந்த முகமும், பக்கத்து நிலத்துக்காரராக வரும் தானியல் ஓத்தோயின் குற்றவுணர்ச்சியும் பேராசையும் மாறி மாறி ஓடும் முகமும் மறக்க முடியாதவை.

இனி தேர்வு. தனியாக, இரண்டேகால் மணி நேரம் கவனம் சிதறாமல் உட்கார முடியும் என்றால் ‘அஸ் பெஸ்டாஸ்’தான். அதில் பாலியல் வன்முறைக் காட்சி இல்லை. நேரடி வன்முறையும் அளவோடுதான். அழுத்தம் முழுவதும் காத்திருப்பில் இருக்கிறது. நண்பர்கள் கூடிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்றால் ‘ஆர்.எம்.என்.’ எடுங்கள், அந்தக் கூட்டக் காட்சி முடிந்ததும் உங்கள் அறையிலும் ஒரு கூட்டம் தொடங்கிவிடும். நிலம், நீர், திட்ட அனுமதி போன்றவற்றில் வேலை செய்பவர்களுக்கு ஹமகுச்சியின் படத்தை நான் தயங்காமல் சொல்வேன். வீட்டில் பெரியவர்களோடு பார்க்க ‘ஜான் த ஃப்ளோரெட்’ ஏற்றது. இரண்டு பாகத்துக்கும் நேரம் ஒதுக்க முடிந்தால் மட்டும் தொடங்குங்கள், ஏனென்றால் முதல் பாகம் விட்டுச்செல்லும் கடனை இரண்டாம் பாகம்தான் தீர்க்கிறது.

எந்தப் படமானாலும் மொழிமாற்றுக் குரலில் பார்க்காதீர்கள். ‘அஸ் பெஸ்டாஸ்’ஸில் கணவனும் மனைவியும் தங்களுக்குள் பிரெஞ்சு பேசுகிறார்கள், வெளியே தடுமாற்றத்தோடு ஸ்பானியம் பேசுகிறார்கள், ஊராரின் பேச்சில் கலீசிய மொழி புகுந்து வந்தவர்களை வெளியே நிறுத்துகிறது. ‘ஆர்.எம்.என்.’னில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பது தெரிவதற்காகவே வசன வரிகளுக்கு வேறு வேறு நிறம் கொடுத்த பிரதி உண்டு. கிடைத்தால் அதையே தேடிப் பாருங்கள். எல்லாக் குரலும் ஒரே மொழிக்கு மாறிவிட்ட பிரதியில், யார் யாரை ஒதுக்குகிறார்கள் என்பதில் பாதி காதில் விழாமலே போய்விடும்.